போலோ விளையாட ஒரு சமதரை

செக்வே போலோ என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. சிரிக்காதீங்க, உண்மையிலேயே இருக்கிறது. டீன் கேமன் என்ற அமெரிக்கர் 2001 டிசம்பரில் ஒரு இரண்டு சக்கர மின்வண்டியை உலகத்துக்குக் காட்டினார். நின்றுகொண்டே ஓட்டலாம். முன்னால் சாய்ந்தால் முன்னால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், விழாமல் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நகரங்களையே மாற்றப்போகிறது என்று விளம்பரம் செய்தார்கள். நகரம் மாறவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் வேலைவெட்டி முடித்த கம்ப்யூட்டர்காரர்கள் சிலர் அதில் ஏறி நின்று, ஒரு கையில் நீளமான மட்டையுடன் பந்தடிக்கத் தொடங்கினார்கள். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் அதில் பெரிய பைத்தியம். 2006-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அவர் பெயரிலேயே கிண்ணம் வைத்து சர்வதேசப் போட்டி நடத்தினார்கள்.

இந்த விளையாட்டில் இறங்குகிற யாரும் முதலில் மோதும் கேள்வி, எந்தத் தரையில் விளையாடுவது என்பது. புல்லா, சீமெந்தா, தார் போட்ட கார் நிறுத்துமிடமா? இறம்பொடையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதலில் அவர்களுடைய கேள்வியையே பார்த்துவிடுவோம்.

வண்டிக்குள் சாய்வை உணரும் கருவிகள் இருக்கின்றன. நீங்கள் முன்னால் சாய்ந்தவுடன் மோட்டார் சக்கரங்களை உங்கள் உடம்புக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கும். விரல் நுனியில் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடுவோமே, அதே கணக்குத்தான். விளக்குமாறு சாயும் பக்கமே கை ஓட வேண்டும். கை ஓட இடமும் பலமும் இருக்கிறவரை அது விழாது. சக்கரம் ஒரு குழியில் மாட்டினாலோ, ஈரப்புல்லில் வழுக்கினாலோ, மோட்டாரின் முழுப் பலமும் ஏற்கனவே செலவாகிக்கொண்டிருந்தாலோ, நிமிர்த்திப் பிடிக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஓட்டுபவர் மூக்கு குப்புறப் போவார். அதனால் மேடு பள்ளம் இல்லாத தரைதான் முதல் நிபந்தனை. தாரும் சீமெந்தும் வேகத்துக்கு நல்லது, பந்தும் சுகமாக உருளும். ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது. புல் பற்றரியைச் சீக்கிரம் குடித்துவிடும், ஆனால் விழுந்தவரைத் தாங்கும். ஆகவே பெரும்பாலும் குட்டையாக வெட்டிய, காய்ந்த, இறுகிய புல்தரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு உதைபந்தாட்டத் திடலின் ஒரு பகுதியே போதும்.

சரிவில் இந்த வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு. இறங்கும்போது மோட்டார் பிரேக்காக மாறி மின்சாரத்தைத் திருப்பி பற்றரிக்கு அனுப்பும். பற்றரி ஏற்கனவே நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. மலை உச்சியில் சார்ஜ் போட்டு, நேரே கீழே இறங்கக்கூடாது என்று அர்த்தம். எங்க ஊரில் வேறு எப்படி இறங்குவதாம்!

இனி கொஞ்சம் பின்னால் போவோம். போலோவின் வரலாற்றைத் தரையை மட்டும் பார்த்துப் படித்தால் அது ஒரு தனிக் கதை. எதில் ஏறி விளையாடுகிறார்களோ அது மாறும்போதெல்லாம் தரையும் மாறியிருக்கிறது. மணிப்பூரில் சின்னக் குதிரைகளில் ஏறி விளையாடியது பள்ளத்தாக்கின் சமதளத்தில். இம்பாலில் உள்ள மாபல் காங்ஜெய்புங் இன்றைக்கும் விளையாடப்படும் திடல்களில் மிகப் பழையது என்பார்கள். அங்கிருந்து வந்த குதிரைக்காரர்களைப் பார்த்துத்தான் பக்கத்துக் கச்சார் மாவட்டத்தின் பிரித்தானியர்கள் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார்கள். 1859-இல் சில்சாரில் அவர்களுடைய போலோ கிளப் தொடங்கியது. அந்த கிளப்பில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? இராணுவ அதிகாரிகளோடு, தேயிலைத் தோட்டத் துரைமார். இன்று அரச குடும்பங்களும் கோடீஸ்வரர்களும் விளையாடும் நவீன போலோவின் தொட்டில் ஒரு தேயிலை மாவட்டம். கொழுந்து பறித்த யாரும் அந்தக் குதிரைகளில் ஏறியிருக்க மாட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் போலோ விளையாட முடியாது என்று யாரும் சொன்னால் நம்பாதீங்க. கில்கிட், சித்ரால் பக்கம் போய்ப் பாருங்கள். சமதரையே அபூர்வமான அந்த மலைகளில் ஊருக்கு ஊர் போலோத் திடல் இருக்கிறது. அகலம் கிடைக்காததால் நீளமாக, ஒடுக்கமாக அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கல் மதில். பந்து மதிலில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது, மதிலும் ஆட்டத்துக்குள்தான். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் ஷந்தூர் கணவாயிலும் விளையாடுகிறார்கள். அது நுவரெலியாவைப்போல இரண்டு மடங்கு உயரம். ஆக, மலை ஒரு தடை இல்லை. அந்த மலை அவர்களுடையது, எங்கே மதில் கட்டலாம் என்று தீர்மானிக்கிற கை அவர்களுடைய கை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வகைகளை வேகமாகக் கடந்துவிடலாம். சைக்கிள் போலோ 1891-இல் அயர்லாந்தில் பிறந்தது, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாகப் புல்லில் நடந்தது. அதையே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் கார் நிறுத்துமிடங்களிலும் டென்னிஸ் தளங்களிலும் விளையாட ஆரம்பித்தபோது, அது மூன்று பேர் அணியாகச் சுருங்கி வேறொரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. புல்திடல் அவர்களுக்கு வாய்க்கவில்லை, தார்த்தரை வாய்த்தது. நேபாளத்தில் 1982-இல் யானைப் போலோவைத் தொடங்கினார்கள். முதலில் உதைபந்தை வைத்து விளையாட, யானைகள் அதை மிதித்து வெடிக்கவைத்து மகிழ்ந்ததால் சின்னப் போலோப் பந்துக்கு மாறினார்கள். அந்த யானைப் போலோ நம் நாட்டுக்கும் வந்தது. 2001 முதல் காலியில் நடந்தது. 2007-இல் ஒரு யானை மிரண்டு ஓடி ஸ்பானிய அணி வந்த வானை நசுக்கியதோடு அது முடிந்தது. 2016-இல் அதே காலியில் யானைக்குப் பதில் ஆட்டோவை இறக்கினார்கள். ஓட்டுநர் முன்னால் ஓட்ட, ஆட்டக்காரர் பின்சீட்டில் இருந்து வெளியே தொங்கிக்கொண்டு மட்டையைச் சுழற்றுவார். செக்வே போலோவுக்கு இலங்கையில் ஒரு சொந்தக்காரர் உண்டென்றால் அது இந்த ஆட்டோ போலோதான். கடற்கரை ஊர், சமமான புல்வெளி, வெள்ளைக்காரப் பார்வையாளர்கள். எல்லாம் அமைந்த இடம்.

இப்போது மலையகத்துக்கு வருவோம்.

இறம்பொடைக் கணவாய் வழியாக நுவரெலியாவுக்குப் பாதை போட்டபின் இந்தப் பக்கம் கோப்பி ஏறியது. 1840-களில் புசல்லாவையும் இறம்பொடையும் கோப்பித் தோட்டக்காரர்களின் கண்ணில் பட்ட முக்கியமான இடங்கள். அந்த நிலம் எப்படிக் கிடைத்தது? 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று வைத்துக்கொண்டது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள், 1844-இல் அதை ஒரு பவுண் ஆக்கினார்கள். வாங்கியவர்களில் ஆளுநர்களும் உயர் அதிகாரிகளுமே இருந்தார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள் என்றால் விலை பற்றி என்ன சண்டை வரப்போகிறது?

வாங்கிய மலையில் எது எங்கே என்பதைத் தீர்மானித்தது பயிர். தேயிலை வேருக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது. அதனால் சரிவெல்லாம் தேயிலைக்கு. மலைகளுக்கு நடுவே அகப்பட்ட சமதளங்கள் பலவும் சதுப்பு, தேயிலைக்கு உதவாது. அந்தச் சமதளங்களைத் துரைமார் என்ன செய்தார்கள் என்பதை நுவரெலியாவில் போய் நின்றாலே பார்க்கலாம். 1873-இல் ஆளுநர் கிரெகரி சதுப்பை ஏரியாக்கினார். 1875-இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1889-இல் கோல்ஃப் கிளப். பதினாறே ஆண்டுகளில் அந்தக் கிண்ணம்போன்ற பள்ளத்தின் தரைமட்டம் பெரும்பாலும் விளையாட்டுக்கும் உல்லாசத்துக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. தோட்டப் பகுதிகளிலும் அப்படித்தான். லிந்துலைப் பக்கம் ரதல்ல மைதானம், டிக்கோயாவில் தரவளை மைதானம், இரண்டுமே துரைமார் கிளப்புகளுக்காக உருவானவை. ரதல்ல மைதானத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் மேசைபோல ஒரு பச்சைத் தரை. மலையைச் சமப்படுத்தத் தெரியாமலோ, முடியாமலோ இல்லை. வேண்டும் என்று நினைத்த இடத்தில் செய்திருக்கிறார்கள். மண்ணை வெட்டிச் சுமந்த கைகள் யாருடையவை என்று அங்கே எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

லயத்துக்காரர்களுக்குக் கிடைத்த சமதரை எது? பிரட்டுக்களம். காலையில் தப்புச் சத்தத்துக்கு எழும்பி, வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போகிற இடம். அதை விட்டால் கொழுந்து மடுவத்து முற்றம், கோயில் வாசல், காமன் கூத்து ஆடும் திடல். இவற்றில் எதுவும் விளையாட என்று வெட்டியது கிடையாது. சாயந்தரம் பிரட்டுக்களத்தில் புள்ளைகள் பந்தடித்தது நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டதால் கிடைத்த சுகம். ஆள் எண்ணுவதற்காகச் சமப்படுத்திய தரைதான் நம் முதல் மைதானம் என்பது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் மாட்டிய முள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 20 பாகை சரிவு என்பது தேயிலை மலையில் சர்வசாதாரணம். அங்கே ஒரு முழு அளவு உதைபந்தாட்டத் திடல், அதாவது 105-க்கு 68 மீட்டர், வெட்ட வேண்டும் என்று வையுங்கள். நீளத்தை மலையின் குறுக்காகப் போட்டாலும், 68 மீட்டர் அகலத்துக்குள் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 25 மீட்டர் வரும். மேல்பக்கம் பன்னிரண்டு மீட்டர் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் பன்னிரண்டு மீட்டர் நிரப்ப வேண்டும். இங்கே பெய்கிற மழைக்கு அந்த நிரப்பு மண் எத்தனை மாதம் நிற்கும்? மண்சரிவு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது கரப்பந்தாட்டத் தளத்தை எடுங்கள். 18-க்கு 9 மீட்டர். அதே சரிவில் உயர வித்தியாசம் 3.3 மீட்டர்தான். பாதி வெட்டி, பாதி நிரப்பினால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கல்கட்டு போதும். நாலு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பையன்கள், இரண்டு மண்வெட்டி. தோட்டத்துக்குத் தோட்டம் வலை கட்டிக் கரப்பந்து அடிக்கிறார்களே, அது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. எந்தத் தரை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நிலம் உள்ளவர்கள் பேச்சு. இங்கே தரைதான் விளையாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அதே அளவுகளைப் பேர்ச்சில் மாற்றினால் இன்னும் சுடும். 2015-க்குப் பின் மலையகத்தில் தனிவீட்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று நிலம் வழங்கினார்கள். அண்மையில் 10 பேர்ச் என்ற கணக்கும் வந்திருக்கிறது. 7 பேர்ச் என்றால் 177 சதுர மீட்டர். கரப்பந்தாட்டத் தளம் 162 சதுர மீட்டர். அதாவது இருநூறு வருடம் மலையை வெட்டிய ஒரு குடும்பத்துக்கு நாடு கடைசியாகக் கொடுத்தது, கோட்டுக்கு வெளியே நின்று சேர்வ் போடக்கூட இடமில்லாத ஒரு கரப்பந்துத் தளம். அதற்குள் வீடு, குசினி, கக்கூசு, இரண்டு மரக்கறிப் பாத்தி. குதிரைப் போலோவின் முறையான திடல் கிட்டத்தட்ட 10 ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச். கணக்குப் போட்டால் ஒரு போலோத் திடலில் 228 குடும்பங்களின் ஏழு பேர்ச் அடங்கும். பாதை, கான் எல்லாவற்றுக்கும் இடம் விட்டாலும் ஒரு சின்னத் தோட்டமே குடியேறிவிடலாம். பந்தயத் திடல்களை மூடிவிட்டு வீடு கட்டு என்று நான் சொல்ல வரவில்லை. நுவரெலியாவில் ஏப்ரலில் குதிரை ஓடட்டும், நானும்தான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அளவு என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மைதானமே இல்லை என்று சொன்னால் பொய். ஹட்டனில் டன்பார், நுவரெலியாவில் சினிசிட்டா, நோர்வூட்டில் தொண்டமான் பெயரிலான மைதானம் என்று பொதுத் திடல்கள் இருக்கின்றன. கூட்டமும் அங்கேதான், திருவிழாவும் அங்கேதான், ஆட்டமும் அங்கேதான். நோர்வூட்டில் 2017 மே 12-ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசினார். எத்தனையோ தோட்டங்களிலிருந்து சனம் பஸ் ஏறி வந்தது. அவ்வளவு பேரை நிறுத்த வேறு தரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே இருக்கிறது? இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அந்த மேடையில்தான் அறிவித்தார். ஏழு பேர்ச் கனவை ஒரு விளையாட்டு மைதானத்தில் நின்றுதான் கேட்டோம்.

இறம்பொடைக்கு அதுகூட இல்லை. இங்கிருந்து கீழே பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே பெரிய சமதளம் கொத்மலை நீர்த்தேக்கம். 1985-இல் அணை திறக்கப்படும்வரை அது வயலும் ஊருமாக இருந்த பள்ளத்தாக்கு. அங்கிருந்த சிங்களக் கிராமத்தவர்களையும் மகாவலி குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது மூழ்கிய கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தெரியும், அதைப் பார்க்கப் படம் எடுக்கிற கூட்டம் வரும். மின்சாரத்துக்காகப் போன சமதரை அது. சுற்றுலாவுக்குப் போனதும் உண்டு. கந்தப்பளைப் பக்கம் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையைத் தொண்ணூறுகளில் ஹோட்டலாக்கினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். காய்ந்த, கூரை போட்ட, மேடு பள்ளம் இல்லாத நீண்ட பலகைத் தரை என்று பார்த்தால் இந்த மலையகத்தில் பழைய தொழிற்சாலை மாடிகளை மிஞ்ச எதுவும் இல்லை. செக்வே போலோக்காரர்கள் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

அவர்களும் இனி அதிகம் கேட்கப்போவதில்லை. அந்த வண்டியைச் செய்வதை 2020-இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, 2010-இல், அந்த நிறுவனத்தை வாங்கியிருந்த பிரித்தானியச் செல்வந்தர் ஜிமி ஹெசல்டன் கரடுமுரடான தரைக்கென்று செய்த வண்டியில் போகும்போது யோர்க்‌ஷயரில் ஒரு செங்குத்தான சரிவிலிருந்து விழுந்து இறந்துபோனார். மலைக்கும் அந்த வண்டிக்கும் ஒத்துவராது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

ஆனால் தரைக் கேள்வி நம் கையில் இன்னும் இருக்கிறது. புதிய வீட்டுத் திட்டங்களுக்கு மலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். யந்திரம் ஏற்கனவே வந்து நிற்கிறது, மண்ணும் வெட்டுகிறது, கல்கட்டும் கட்டுகிறது. அந்த வரைபடத்தில் வீடுகளுக்கு நடுவே, ஓட இடம் சேர்த்து, 15 பேர்ச் ஒரு சதுரம் காலியாக விடுங்கள் என்று தோட்டக் கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேட்க வேண்டும். இரண்டு குடும்பத்துக்குக் கொடுக்கும் நிலம்தான். வீட்டு வரைபடத்தில் கையெழுத்து வைக்கும் முன்னால் கேட்க வேண்டும். நிரப்பின மண் இறுகினபிறகு கேட்டால் அந்த இடத்தில் யாருடைய குசினியாவது வந்திருக்கும்.